கடைசியாகத் தொட்டவர்

அத்தை வீட்டு ஷோகேஸில் ஒரே ஒரு கேடயம்தான் உண்டு. பாலிஷ் போட்ட பலகை, அதன் மேல் பித்தளைத் தகடு. தகட்டில் ‘உலக சிக்கன நாள், அக்டோபர் 30’ என்றும், அதற்குக் கீழே ‘சிறந்த முகவர்’ என்றும் பொறித்திருக்கிறது. யார் அந்தச் சிறந்த முகவர் என்பது தகட்டில் இல்லை. பெயரைக் காகிதத்தில் டைப் அடித்து அடியில் ஒட்டியிருந்தார்கள். காகிதம் எப்போதோ உரிந்து விழுந்துவிட்டது. இப்போது பார்க்கிறவர்களுக்கு யாரோ எதிலோ சிறந்தவராக இருந்திருக்கிறார் என்பது மட்டும் தெரியும்.

மாமாவுக்கு நெய்வேலி சுரங்கத்தில் வேலை. டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்தவரைக்கும் அத்தை தபால் ஆபீஸ் ஆர்.டி. பிடித்துக்கொண்டிருந்தார். மாமா ரிட்டையர் ஆனதும் சொந்த ஊரான திருவதிகைக்கு வந்துவிட்டார்கள். அத்தை முகவராக இருந்த திட்டத்தின் முழுப்பெயர் ‘மகிளா பிரதான் க்ஷேத்ரிய பசத் யோஜனா’. 1972இல் தொடங்கியது. பெண்கள் அக்கம்பக்கத்து வீடுகளில் மாதாமாதம் பணம் வாங்கி அஞ்சலகத்தில் கட்டினால் நூற்றுக்கு நான்கு ரூபாய் கமிஷன். அப்போதெல்லாம் மாதம் பத்து ரூபாய்க்குக்கூட ஆர்.டி. போடலாம். மாதத்தின் முதல் பாதியில் கணக்குத் தொடங்கியவர்களுக்கு 15ஆம் தேதிக்குள்ளும் மற்றவர்களுக்கு மாதக் கடைசிக்குள்ளும் கட்டியாக வேண்டும். தவறினால் அபராதம். அதனால் மாதத்தில் இரண்டு முறை அத்தை வட்டம் வட்டமாகச் சுற்றுவார். நெய்வேலியில் பிளாக்கை வட்டம் என்றுதான் சொல்வார்கள். பள்ளி விடுமுறையில் மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு நானும் கூடவே போயிருக்கிறேன்.

ஒருமுறை கேடயத்தைப் பற்றிக் கேட்டேன்.

“அந்த வருஷம் நான் ஒண்ணும் பெருசா அலையல தம்பி. மைன்ஸ்ல அரியர்ஸ் குடுத்தாங்க. நாலு பேரு பெரிய தொகைக்கு ஆர்.டி. போட்டாங்க. அதுக்கு வந்தது இது. நான் நாயா அலைஞ்ச வருஷத்துக்கெல்லாம் ஒண்ணும் கெடையாது.”

குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது, குளம் நிறைந்தது என்பது மாதிரிதான் சொன்னார். நான் அப்போது இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விட்டுவிட்டேன். அந்தப் பேச்சு திரும்ப ஞாபகத்துக்கு வந்தது, நானே ஒரு கேடயத்துக்குப் பெயர் எடுத்துக் கொடுக்க வேண்டிவந்தபோது.

*

சில வருடங்களுக்கு முன் நான் ஒரு அஃபிலியேட் நெட்வொர்க் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். “லிங்க் கீழ டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு மக்களே” என்று யூட்யூபில் சொல்கிறார்களே, அந்தத் தொழில். அந்த லிங்க்கைத் தட்டி நீங்கள் மிக்ஸி வாங்கினால், சொன்னவருக்கு ஒரு பங்கு போகும். யார் சொல்லி யார் வாங்கினார்கள் என்று கணக்கு வைப்பது நெட்வொர்க்கின் வேலை. அந்தக் கணக்கின் ஒரு மூலையில் நான் இருந்தேன்.

வருடத்துக்கொருமுறை நட்சத்திர ஓட்டலில் விழா நடக்கும். ‘ஆண்டின் சிறந்த அஃபிலியேட்’ என்று ஒருவருக்குக் கண்ணாடிக் கோப்பை கொடுப்பார்கள். அந்த வருடம் என் மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார்: “டேட்டா என்ன சொல்லுதோ அதக் குடுங்க. நாம யாரும் முடிவு பண்ண வேணாம்.” எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. நடுவர் குழு கிடையாது, சிபாரிசு கிடையாது, எண் பேசட்டும். பத்து வரிக்குள் ஒரு குவெரி எழுதினேன். யார் கணக்கில் எவ்வளவு விற்பனை என்று கூட்டி, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, முதல் வரிசையை எடுத்துக் கொடுத்தேன். ஒரு கூப்பன் தளம் வென்றது.

விழா முடிந்த வாரத்தில் ஒரு மெயில் வந்தது. குழந்தைகளுக்கான பொருட்களைப் பற்றி எழுதும் ஒரு பெண்மணி அனுப்பியிருந்தார். பால் புட்டி, தள்ளுவண்டி, டயப்பர் என்று ஒவ்வொன்றையும் வாங்கி, சொந்தக் குழந்தைக்குப் பயன்படுத்திப் பார்த்து, எதை வாங்கக்கூடாது என்பதையும் சேர்த்து எழுதுகிறவர். ‘எதை வைத்துத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று தெரிந்துகொள்ளலாமா?’ என்று ஒரே ஒரு கேள்வி. அந்த மெயில் மூன்று பேர் கை மாறி, பதில் தெரிந்தவன் என்பதால் என்னிடம் வந்து சேர்ந்தது. நான் பதில் எழுதவில்லை. அன்றைக்கு எனக்கு அது தோற்றவரின் புலம்பலாகத் தெரிந்தது.

இரண்டு மாதம் கழித்து வேறொரு வேலைக்காக அதே அட்டவணைகளைத் தோண்டிக்கொண்டிருந்தபோது ஒரு சந்தேகம் வந்தது. கூப்பன் தளத்தின் கணக்கில் ஏறிய விற்பனைகளை எடுத்து, அதே ஆள் அதற்கு முன்னால் யாருடைய லிங்க் வழியாகக் கடைக்குள் வந்தார் என்று பார்த்தேன். திரும்பத் திரும்ப அந்தப் பெண்மணியின் அடையாள எண் வந்தது.

நடந்தது இதுதான். ஒரு தாய் அவருடைய கட்டுரையைப் படிக்கிறார். லிங்க்கைத் தட்டிக் கடைக்குப் போகிறார். தள்ளுவண்டியைக் கூடையில் போடுகிறார். பணம் கட்டும் பக்கத்தில் ‘கூப்பன் கோடு இருக்கிறதா?’ என்று ஒரு பெட்டி. இருந்தால் நல்லதுதானே என்று இன்னொரு ஜன்னலைத் திறந்து தேடுகிறார். கூப்பன் தளம் வருகிறது, தட்டுகிறார். கோடு வேலை செய்யவில்லை. திரும்பி வந்து முழு விலையைக் கட்டிவிட்டுப் போகிறார். எங்கள் விதி ‘கடைசிக் கிளிக்’. வாங்குவதற்கு முன் கடைசியாக யாருடைய லிங்க் தட்டப்பட்டதோ அவருக்கே முழுக் கமிஷன். ஆக, தள்ளுவண்டியை விற்றது வேலை செய்யாத கூப்பன்.

இதில் மோசடி ஏதும் இல்லை. எல்லாம் விதிப்படிதான் நடந்தது, குவெரியிலும் பிழை இல்லை. அதுதான் என்னை உறுத்தியது. கமிஷன் தொழில் நேற்றுத் தோன்றியதல்ல. முன்பிருந்தவர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று படிக்க ஆரம்பித்தேன்.

*

நம் ஊரில் கமிஷனும் கேடயமும் ஒன்றாகச் சேர்ந்து வளர்ந்த இடம் ஆயுள் காப்பீடு. 1818இல் கல்கத்தாவில் ஓரியண்டல், 1829இல் சென்னையில் மெட்ராஸ் ஈக்விட்டபிள் என்று இங்கே காப்பீடு தொடங்கியது. சுதேசி இயக்கம் சூடாக இருந்த 1906இல் சென்னையில் யுனைடெட் இந்தியா தொடங்கப்பட்டது. பின்னாளில் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் அதன் தலைவரானார். அண்ணா சாலையில் இன்றும் நாம் பார்க்கும் எல்.ஐ.சி. கட்டிடத்தை அந்த நிறுவனத்துக்காகத்தான் கட்டத் தொடங்கினார். 1954இல் விமான விபத்தில் இறந்துபோனார். 1956இல் காப்பீடு நாட்டுடைமையானது. 1959இல் கட்டிடம் திறக்கப்பட்டபோது அது எல்.ஐ.சி.யின் கட்டிடமாகிவிட்டது. தொடங்கியவர் ஒருவர், பெயர் இன்னொருவருடையது. இதுவும் ஒரு கடைசிக் கிளிக்தான்.

காப்பீட்டை யாரும் கடைக்குப் போய்க் கேட்டு வாங்குவதில்லை. யாராவது வீட்டுக்கு வந்து, மரணத்தைப் பற்றி நாசூக்காகப் பேசி, காபி குடித்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஆகவே முகவர் இல்லாமல் தொழில் இல்லை. முகவருக்குச் சம்பளம் கிடையாது, கமிஷன்தான். கமிஷன் உள்ள இடத்தில் என்னென்ன நடக்கும் என்பதை 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் எழுதியவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். பிரிவு 41 சொல்வது இதுதான்: பாலிசி எடுக்கத் தூண்டும் விதமாக முகவர் தன் கமிஷனிலிருந்து வாடிக்கையாளருக்கு ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது. அன்று இதற்கு 500 ரூபாய் அபராதம். 2015 திருத்தத்தில் அது பத்து லட்சம் ரூபாய் வரை ஆனது. இந்த உயர்வைப் பார்த்தாலே பழக்கம் எவ்வளவு ஆழமானது என்று புரியும்.

முதலில் எனக்கு இது விளங்கவில்லை. தன் பணத்தைத்தானே கொடுக்கிறார், வாடிக்கையாளருக்கு லாபம்தானே? கணக்குப் போட்டுப் பார்த்தபோது விளங்கியது. முதல் வருடக் கமிஷனுக்குச் சட்டம் வைத்த வரம்பு சாதாரணமாக 35 சதவீதம். இரண்டாவது, மூன்றாவது வருடங்களுக்கு 7.5. அதற்குப் பிறகு 5. பத்தாயிரம் ரூபாய் பிரீமியத்தில் முதல் வருடம் 3,500 ரூபாய் வரை கிடைக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். அதில் இரண்டாயிரத்தை வாடிக்கையாளர் கையில் வைத்துவிட்டால் அவர் உடனே கையெழுத்துப் போடுவார். பக்கத்துத் தெருவில் ஆறு மாதமாக நடந்து, அந்தக் குடும்பத்துக்கு எது சரிப்படும் என்று விளக்கிச் சொன்ன முகவர், கடைசி நாளில் இரண்டாயிரத்தோடு வந்தவரிடம் தோற்றுப்போவார். இங்கேயும் கூப்பன்தான்.

விருது என்று வரும்போது இது இன்னும் சிக்கலாகிறது. பட்டியல் போடுகிறவர் பிரீமியத்தைப் பார்ப்பார், அல்லது கமிஷனைப் பார்ப்பார். முகவர் கையில் கடைசியில் மிஞ்சியது எவ்வளவு என்று யாரும் பார்ப்பதில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்து எண்ணிக்கையைக் கூட்டுகிறவர் உண்மையில் கேடயத்தை விலைக்கு வாங்குகிறார். நேர்மையாக நடப்பவர் பட்டியலில் கீழே இருப்பார். மேடையில் நிற்பவர் பொய்க் கணக்கு எதுவும் காட்டியிருக்க மாட்டார்.

இந்தத் தொழிலின் பெரிய கௌரவம் ‘மில்லியன் டாலர் ரவுண்ட் டேபிள்’. 1927இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் 32 பேர் கூடித் தொடங்கியது. ஒரு வருடத்தில் பத்து லட்சம் டாலர் மதிப்புக்குக் காப்பீடு விற்றவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒருவருக்கொருவர் தொழில் கற்றுக்கொள்வது நோக்கம். இன்று நம் ஊர் முகவர்கள் விசிட்டிங் கார்டிலும் காரின் பின்கண்ணாடியிலும் போட்டுக்கொள்ளும் எம்.டி.ஆர்.டி. அதுதான். கமிஷன், பிரீமியம் அல்லது வருமானம் ஒரு கோட்டைத் தாண்ட வேண்டும், சந்தா கட்ட வேண்டும். கோட்டைப் போல மூன்று மடங்கு என்றால் ஒரு பட்டம், ஆறு மடங்கு என்றால் இன்னொரு பட்டம்.

இதில் ஒரு நல்ல அம்சம் உண்டு. இது போட்டியல்ல. கோட்டைத் தாண்டியவர்கள் அனைவரும் உள்ளே. நீங்கள் வந்ததால் நான் வெளியேற மாட்டேன். கோடு எங்கே என்பது முன்கூட்டியே தெரியும். ‘ஆண்டின் சிறந்த’ என்று ஒரே ஒருவரைத் தேடும் விருதைவிட இது எவ்வளவோ நேர்மையானது. ஆனால் அந்தக் கோடு விற்றவரை அளக்கிறது. வாங்கியவருக்கு என்ன ஆயிற்று என்பது அதற்குத் தெரியாது.

எல்.ஐ.சி. தன் முகவர்களுக்கு வைத்த படிநிலைகளில் இதற்கொரு பதில் இருக்கிறது. கிளை மேலாளர் கிளப், கோட்ட மேலாளர் கிளப், மண்டல மேலாளர் கிளப், சேர்மன் கிளப் என்று போகும். அவற்றில் ஏறப் புது வியாபாரம் மட்டும் போதாது. புதுப்பிப்புக் கமிஷனும், நடப்பில் இருக்கும் ‘லைஃப்’களின் எண்ணிக்கையும் வேண்டும். முகவர்கள் பேச்சில் மனிதர்கள் ‘லைஃப்’ ஆகிவிடுவார்கள். “இந்த மாசம் நாலு லைஃப் முடிச்சேன்” என்றால் திடுக்கிடக்கூடாது. புதுப்பிப்புக் கமிஷன் என்பது மூன்றாவது, ஏழாவது, பதினைந்தாவது வருடத்திலும் வாடிக்கையாளர் பிரீமியம் கட்டினால்தான் வரும். பொய் சொல்லி விற்ற பாலிசி இரண்டாம் வருடத்திலேயே நின்றுவிடும். முகவர் இறந்த பிறகும் அவர் வாரிசுகளுக்கு இந்தக் கமிஷன் போகும். ஒரு மனிதர் ஒழுங்காக வேலை செய்தார் என்பதற்கு, அவர் மறைந்த பிறகும் அவர் பிடித்த பாலிசிகள் கட்டப்படுவதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

இந்த ஒழுங்கு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்தோம். 2000இல் தனியார் நிறுவனங்கள் வந்தன. பங்குச் சந்தை ஏறிய வருடங்களில் யூலிப் பாலிசிகள் விற்றன. ‘மூணு வருஷம் கட்டுனா போதும் சார்’ என்று சொல்லியே விற்றார்கள். 2010இல் ஒழுங்குமுறை ஆணையம் கட்டணங்களுக்கு வரம்பு வைத்தது. மோனிகா ஹாலன், ரேணுகா சானே, சூசன் தாமஸ் மூவரும் செய்த ஆய்வின்படி, 2004-05 முதல் 2011-12 வரை தவறாக விற்கப்பட்ட பாலிசிகளால் மக்கள் இழந்தது சுமார் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய். அந்த வருடங்களிலும் விழாக்கள் நடந்தன. மேடைகளில் கேடயங்கள் கை மாறின.

*

காப்பீட்டில் போனது பணம். தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு உடம்பின் மேல் ஏறிய வரலாறும் சென்னை மாநிலத்துக்கு உண்டு. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஆர்.ஏ. கோபாலசாமி பின்னர் சென்னை அரசின் தலைமைச் செயலாளர் ஆனார். அவர் காலத்தில், 1956 முதல், கருத்தடை செய்துகொள்ளும் ஏழைகளுக்கு 30 ரூபாய் கொடுக்கும் திட்டம் வந்தது. சில வருடங்களில் ஆள் பிடித்து வருபவருக்கும் தலைக்கு ஒரு தொகை என்றானது. பிள்ளை பெறும் வயதைத் தாண்டிய கிழவர்களைக்கூடக் கூட்டிவருகிறார்கள் என்று புகார்கள் எழுந்தன. கணக்கில் அதுவும் ஒரு தலைதானே.

நெருக்கடிநிலைக் காலத்தில் அது நாடு முழுவதும் இலக்காக மாறியது. சில மாநிலங்களில் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஆள் கணக்கு நிர்ணயித்துச் சம்பளத்தை நிறுத்தினார்கள். 1976-77இல் மட்டும் 80 லட்சத்துக்கும் அதிகமான அறுவைகள். ஷா கமிஷன் அறிக்கையில் இவை பதிவாகியிருக்கின்றன. பின்னர் ஐக்கிய நாடுகள் சபை மக்கள்தொகைக்கென்று ஒரு விருது ஏற்படுத்தி 1983இல் முதன்முதலாக வழங்கியபோது, அதைப் பெற்ற இருவர் இந்திரா காந்தியும் சீனாவின் குடும்பக் கட்டுப்பாட்டு அமைச்சர் சியன் சின்சோங்கும். சீனாவில் கருத்தடை இயக்கம் உச்சத்தில் இருந்த அதே வருடம். எண்ணை மட்டும் பார்த்தால் அந்தத் தேர்விலும் பிழை சொல்ல முடியாது.

*

இனி என் தொழிலின் கதை. வில்லியம் டோபின் என்ற அமெரிக்கர் 1989இல் பிராடிஜி என்ற கணினிச் சேவையில் பூக்கடை வைத்தார். விற்பனையில் ஒரு பங்கை பிராடிஜிக்குக் கொடுத்தார். 1996 ஜூலையில் அமேசான் ‘அசோசியேட்ஸ்’ திட்டத்தைத் தொடங்கியது. புத்தகங்களைப் பற்றி எழுதுகிற எவரும் ஒரு லிங்க் வைத்து அமேசானின் முகவராகலாம் என்றானது. 1998இல் கமிஷன் ஜங்ஷன் வந்தது. கடைகளுக்கும் முகவர்களுக்கும் நடுவில் கணக்குப்பிள்ளை.

இந்த முழு ஏற்பாடும் குக்கி என்ற சிறு துணுக்கின் மேல் நிற்கிறது. 1994இல் நெட்ஸ்கேப்பில் இருந்த லூ மாண்டுல்லி அதை உருவாக்கினார். கூடையில் என்ன போட்டீர்கள் என்பதைக் கடை மறந்துவிடாமல் இருக்க வேண்டும் என்பதற்காக வந்த யோசனை. அதையே முகவரின் சாட்சியாக்கினார்கள். உங்கள் உலாவியில் என் குக்கி இருந்தால் நான்தான் உங்களைக் கூட்டிவந்தேன் என்று பொருள்.

சாட்சியைத் தயாரிக்க முடியும் என்றால் கூட்டிவர வேண்டிய அவசியம் என்ன? ஈபே நிறுவனத்தின் அஃபிலியேட்களில் விற்பனைக் கணக்குப்படி முதல் இரண்டு இடங்களில் இருந்தவர்கள் ஷான் ஹோகனும் பிரையன் டன்னிங்கும். கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் மூலம், ஈபே லிங்க்கைத் தட்டாதவர்களின் உலாவிகளிலும் அவர்கள் குக்கியைப் போட்டுவைத்தார்கள். அந்த ஆட்கள் என்றைக்கோ தாமாக ஈபேயில் ஏதாவது வாங்கினால் கமிஷன் இவர்களுக்கு வந்துவிடும். ஈபே 2008இல் வழக்குத் தொடர்ந்தது. அந்த வழக்கில் சொல்லப்பட்ட ஒரு விவரம் ஒரு நிரலாளனாக என்னைத் தூக்கிவாரிப்போட்டது. ஈபே இருக்கும் சான் ஹோசே நகரிலிருந்தோ, கமிஷன் ஜங்ஷன் இருக்கும் சாண்டா பார்பராவிலிருந்தோ யாராவது வந்தால் அந்த நிரல் இயங்காது. மேஸ்திரி வரும் தெருவில் மட்டும் வேலை சுத்தமாக நடக்கும். இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2014இல் ஹோகனுக்கு ஐந்து மாதம், டன்னிங்குக்குப் பதினைந்து மாதம் சிறை.

அதே ஈபேயில் ஸ்டீவன் ததேலிஸ் முதலிய பொருளியலாளர்கள் வேறொரு கேள்வி கேட்டார்கள். தேடுபொறியில் ‘ஈபே’ என்று தட்டுகிறவருக்குக் காட்டும் விளம்பரத்தை நிறுத்தினால் என்ன ஆகும்? நிறுத்திப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட ஒன்றும் ஆகவில்லை. எப்படியும் வரப்போகிறவர்கள் வந்தார்கள். 2015இல் வெளியான இந்த ஆய்வு கேள்வியையே மாற்றிவிட்டது. கடைசியாக யார் தொட்டார் என்று கேட்பதை விட்டு, இவர் இல்லாமல் போயிருந்தால் இது நடந்திருக்குமா என்று கேட்க வேண்டும்.

ஆனாலும் தொழில் கடைசிக் கிளிக்கை விடவில்லை. அதைக் கணக்கிடுவது சுலபம், சண்டை வந்தால் காட்டுவதும் சுலபம். பேபால் சுமார் 400 கோடி டாலருக்கு வாங்கிய ‘ஹனி’ என்ற கூப்பன் நீட்சியின் மேல் 2024 டிசம்பரில் எழுந்த குற்றச்சாட்டும் இதுவேதான். யூட்யூப் படைப்பாளிகளின் குக்கியை அகற்றிவிட்டுக் கடைசி நொடியில் தன்னுடையதை வைக்கிறது என்று சொல்லி அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அந்தப் பெண்மணியின் தள்ளுவண்டி எனக்கு ஞாபகம் வந்தது.

*

போன மாதம் திருவதிகை போயிருந்தேன். சாயங்காலம் வீரட்டானேசுவரர் கோவிலில் உட்கார்ந்திருந்தபோது, இந்த ஊரின் கதையே இதுதானே என்று தோன்றியது.

பெரியபுராணம் சொல்லும் கதை நம் எல்லோருக்கும் தெரியும். திருவாமூரில் பிறந்த திலகவதியார், மணம் பேசிய கலிப்பகையார் போரில் இறந்த பிறகு, தம்பிக்காக உயிர் தரித்தார். தம்பி மருள்நீக்கியார் சமணத்துக்குப் போய்த் தருமசேனர் ஆனார். அக்கா திருவதிகைக்கு வந்து கோவிலில் அலகிட்டு, மெழுகி, பூத்தொடுத்து, தம்பி திரும்பி வர வேண்டிக்கொண்டு காத்திருந்தார். சூலை நோய் வந்து தம்பி துடித்தபோது திருநீறு கொடுத்துக் கோவிலுக்குள் அழைத்துப்போனவரும் அவர்தான். தம்பி பாடினார், நோய் நீங்கியது, நாவுக்கரசர் என்ற பட்டம் இறைவனிடமிருந்தே கிடைத்தது. பிற்பாடு மனம் மாறிய பல்லவ மன்னன் இங்கே கோவில் எழுப்பினான். அதற்கு அவன் பெயராலேயே குணபரவீச்சரம் என்று பெயர்.

நாயன்மார்கள் அறுபத்துமூவர் பட்டியலில் திலகவதியார் இல்லை. பட்டியலுக்கு மூலம் சுந்தரரின் திருத்தொண்டத்தொகை. சுந்தரரின் தந்தை சடையனாரும் தாய் இசைஞானியாரும் அறுபத்துமூவரில் உண்டு. நான் இதைக் குறும்பாகச் சொல்லவில்லை. அந்தச் சுந்தரர்தான், நாவுக்கரசர் கையால் தொண்டு செய்த மண்ணைக் காலால் மிதிக்க அஞ்சித் திருவதிகைக்குள் நுழையாமல் வெளியே சித்தவட மடத்தில் தங்கினார். அவ்வளவு நுட்பமான மனம் போட்ட பட்டியலிலும் அக்கா விடுபட்டுப்போனார். பட்டியல் என்றால் அப்படித்தான். ஒரு கோடு போட்டாக வேண்டும். காரியம் நிறைவேறிய இடத்தில் நிற்பவர் கோட்டுக்கு உள்ளே, அவரை அங்கே கொண்டுவந்தவர் வெளியே.

ஆனால் சேக்கிழார் வந்தார். பட்டியலை அவர் மாற்றவில்லை. நாவுக்கரசர் கதையை அக்காவிலிருந்து சொன்னார். முதல் கிளிக்கிலிருந்து என்று நான் சொன்னால் அத்தை அடிக்க வருவார். பட்டியலில் ஒரு வரிகூட இல்லாத திலகவதியாரை இன்று தமிழ்நாட்டில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். அறுபத்துமூவரில் பாதிப் பேரை நமக்குப் பெயரளவில்கூடத் தெரியாது.

விருதே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. கமிஷனில் வாழ்கிறவர்களுக்குச் சம்பளப் பட்டியலும் இல்லை, பதவி உயர்வும் இல்லை. வருடத்தில் ஒருநாள் நாலு பேர் முன்னால் கை தட்டுவது அவர்களுக்குப் பெரிய விஷயம். ஆனால் சில குறைந்தபட்ச ஒழுங்குகள் வேண்டும். எதை அளக்கப்போகிறோம் என்பதை வருடம் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். விற்ற நாளில் அளக்காமல், வாங்கியவர் அதை வைத்துக்கொண்டாரா என்று ஒரு வருடம் கழித்து அளக்க வேண்டும். முடித்துக் கொடுப்பவருக்கும் ஆரம்பித்து வைப்பவருக்கும் ஒரே கோப்பையை நீட்டக்கூடாது, இரண்டும் வேறு வேறு தொழில். விண்ணப்பக் கட்டணத்திலும் விழா மேசை விற்பனையிலும் சம்பாதிப்பவர்கள் நடுவராக இருக்கக்கூடாது. கடைசியாக, ‘எதை வைத்துத் தேர்ந்தெடுத்தீர்கள்?’ என்று தோற்றவர் கேட்டால் பதில் சொல்ல முடிய வேண்டும். இந்தக் கடைசி விதியை நான் மீறினேன். விற்பனைத் தொகையை வைத்து, கடைசிக் கிளிக்கை வைத்து என்று ஒரே வரியில் எழுதியிருக்கலாம். அதைப் படித்திருந்தால் அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கும். அது தெரிந்ததால்தான் பிற்பாடும் எழுதவில்லை என்று இப்போது நினைக்கிறேன். அந்த நிறுவனத்தை விட்டு வந்து வருடங்களாகிவிட்டன. அந்த முகவரியும் என்னிடம் இல்லை.

அன்று இரவு அத்தையிடம் இதையெல்லாம் முடிந்தவரை விளக்கிச் சொன்னேன். குக்கி என்றால் என்ன என்பதோடு அவருக்குச் சுவாரசியம் போய்விட்டது. எழுந்து போய் பீரோவுக்கு மேலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்துவந்தார். பழைய ஆர்.டி. கணக்கு. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மாதக் கட்டங்கள், ஐந்து வருடம், அறுபது கட்டம். அறுபதும் நிறைந்த வரிசைகளின் கடைசியில் சிவப்பு மையில் ஒரு வார்த்தை எழுதியிருந்தது. ‘கல்யாணம்’. ‘காலேஜ் பீஸு’. ‘தையல் மிஷின்’. ஒன்றில் ‘ஆப்பரேஷன்’. ஒன்றில் ‘சும்மா’.

“இது எதுக்கு அத்த, போஸ்ட் ஆபீஸ்ல கேப்பாங்களா?”

“அவங்க ஏன் கேக்கப்போறாங்க? முடிஞ்சி பணம் வாங்கும்போது நான்தான் கேப்பேன், எதுக்குடி எடுக்கறன்னு. எழுதி வெச்சுக்குவேன்.”

சிவப்பு வரிகளை எண்ணத் தொடங்கினேன். இரண்டு பக்கம் தாண்டியதும் அத்தை நோட்டை வாங்கி மூடிவிட்டார். “சாப்புட வா, ஆறிப்போவுது” என்றார்.